பழைய மசில் காரை நிறுத்துவது எப்படி? 1966 ஷெவெல்லை முன்வைத்து ஒரு பிரேக் பாடம்

1966-ல் ஷெவர்லே விற்ற ஷெவெல் எஸ்.எஸ். 396-இன் பானெட்டைத் திறந்தால் 396 கன அங்குல வி8 எஞ்சின் உட்கார்ந்திருக்கும். சாதா வகையே 325 குதிரைத்திறன். கூடக் காசு கொடுத்தவர்களுக்கு 360, 375 என்றும் கிடைத்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நாலு மூலையிலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்: சுழலும் இரும்புச் சட்டி, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூக்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினோடு மளிகைக் கடைக்குப் போய்வந்த சாதாரண ஷெவெல்லிலும் அளவில் இதே டிரம்தான். முன்சக்கர டிஸ்க் பிரேக் (சுழலும் தகட்டை இருபுறமும் பேட் என்ற கட்டைகள் கவ்விப் பிடிக்கும் வகை) அந்த வருஷ விலைப்பட்டியலிலேயே கிடையாது. 1967 மாடலில்தான் வந்தது, அதுவும் கூடுதல் பணத்துக்கு.

அந்தக் காலத்து அமெரிக்க மசில் கார்கள் (நடுத்தர வண்டியில் பெரிய எஞ்சினைத் திணித்த வகை) பெரும்பாலானவற்றின் கதை இதுதான். இன்று அப்படி ஒரு வண்டியை வைத்திருப்பவர் முதலில் தேடுவது ‘டிஸ்க் கிட்’, அதாவது டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டுவதற்கான உதிரித் தொகுப்பு. கிட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் டயர் முதல் பெடல் வரை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால், கிட் போட்ட வண்டி பழைய டிரம் வண்டியைவிட மோசமாக நிற்கும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் செலவை எந்த வரிசையில் செய்வது என்பது தானே தெரிந்துவிடும்.

நிற்பது என்றால் சூடாவது

ஓடும் வண்டியின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் கரைப்பதுதான் பிரேக்கின் வேலை. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள ஷெவெல் 100 கி.மீ. வேகத்தில் வரும்போது அதில் சுமார் 650 கிலோஜூல் ஆற்றல் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் இரண்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். 160 கி.மீ. என்றால் ஐந்து லிட்டர். வேகம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனதுமே வெப்பம் இரண்டரை மடங்காகிவிடுகிறது, ஏனென்றால் கணக்கில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. இவ்வளவு சூட்டையும் நாலு இரும்புத் துண்டுகள் சில நொடிகளில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டிரம் அதை வாங்கிக்கொள்ளும், வெளியேற்றத்தான் தெரியாது. மூடிய சட்டிக்குள் ஷூ உரசுவதால் காற்று உள்ளே போக வழியில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், சூடான டிரம் விரியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும்போது கொல்லர் அதை நெருப்பில் பழுக்கவைத்து விரியச் செய்துதானே மாட்டுவார்? டிரம்மும் அதே மாதிரி விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகிறது. விலகிய இடைவெளியை எட்டிப்பிடிக்க, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்கும். பெடல் கீழே இறங்கும். டிஸ்க்கில் இது தலைகீழ். சூடானால் தகடு தடிக்கும், அதாவது பேடை நோக்கியே வரும்.

இன்னொரு விஷயம் டிரம்மின் பலமும் பலவீனமும் ஒன்றாக இருக்கும் இடம். ஷெவெல்லில் இருப்பது டியோ சர்வோ வகை டிரம். முன்பக்கம் பார்த்த ஷூவைச் சுழலும் டிரம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த ஷூ கீழே இருக்கும் அட்ஜஸ்டர் (ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) வழியாகப் பின்பக்க ஷூவைத் தள்ளும். பின்பக்க ஷூ மேலே இருக்கும் முளையில் முட்டிக்கொண்டு டிரம்மில் பலமாக அழுந்தும். கால் கொடுக்கும் பலத்தை டிரம்மே பெருக்கித் தருகிறது. பூஸ்டர் (எஞ்சினின் உதவியால் கால் பலத்தைக் கூட்டும் கருவி) இல்லாமலேயே இவ்வளவு கனமான வண்டிகள் நின்றது இப்படித்தான். ஆனால் பெருக்கம் உராய்வை நம்பி இருப்பதால், உராய்வு கொஞ்சம் குறைந்தால் பிடிப்பு அதைவிட அதிகமாகக் குறையும். சூட்டில் ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் வழுக்க ஆரம்பித்தாலோ, மழைத் தண்ணீர் ஒரு பக்க டிரம்முக்குள் மட்டும் புகுந்தாலோ பிரேக் திடீரென்று கைவிடும், அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கில் இந்தப் பெருக்கம் கிடையாது. உராய்வு எவ்வளவோ பிடிப்பும் அவ்வளவே. அதனால் நடத்தை ஒரே சீராக இருக்கும். ஆனால் அழுத்தம் அதிகம் தேவைப்படும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் முளைக்கிறது.

முதல் செலவு டயருக்கு

சக்கரத்தைத்தான் பிரேக் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர். பழைய டிரம்மாலேயே குளிர்ந்த நிலையில் ஒருமுறை சக்கரத்தை லாக் ஆக்க (சுழலாமல் பூட்ட) முடியும் என்றால், அந்த முதல் பிரேக்கின் தூரத்தை எந்த டிஸ்க் கிட்டும் குறைக்காது. சாலையை டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் எல்லை.

கணக்காகப் பார்க்கலாம். 100 கி.மீ. வேகத்தில் இருந்து புவியீர்ப்பின் 0.65 பங்கு வேகத்தளர்ச்சியில் நின்றால் சுமார் 60 மீட்டர் ஆகும். 0.85 பங்கு என்றால் 46 மீட்டர். வித்தியாசம் 14 மீட்டர். ஷெவெல் ஒன்று ஐந்து மீட்டர் நீளம், ஏறக்குறைய மூன்று வண்டி தூரம். கெட்டிப்பட்ட பழைய பயஸ் பிளை டயரை (நூல் அடுக்குகள் குறுக்காகச் சாய்ந்திருக்கும் பழைய வகை) கழற்றி நல்ல ரேடியல் போடுவதில் இந்த அளவு வித்தியாசம் வருவது சாதாரணம். 1966-ல் இந்த வண்டிக்கு வந்தது 7.75-14 அளவு, அதற்கு நெருங்கியது 205/75ஆர்14. கொஞ்சம் அகலம் வேண்டுமென்றால் 215/70ஆர்14.

டயரில் பட்டன் (மேல் பள்ளங்கள்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. ஷெட்டில் நிற்கும் வண்டியின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. எண்ணில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

இருக்கிற டிரம்மை ஒழுங்காக்குதல்

டிஸ்க் மாற்றும் எண்ணம் இருந்தாலும் இந்த வேலை வீண் போகாது, ஏனென்றால் பின்சக்கரத்தில் டிரம் தொடரத்தான் போகிறது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கரித்தூளை ஏர் அடித்து ஊதக் கூடாது. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து ஈரமாகவே கழுவி இறக்குங்கள்.

பிறகு ஷூவைப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் இரண்டு ஷூவிலும் லைனிங் நீளம் ஒன்றாக இருக்காது. குட்டையான லைனிங் வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும், நீளமானது பின்பக்கம். பெரும்பங்கு வேலையைச் செய்வது பின்பக்க ஷூ என்பதால்தான் அதற்கு நீள லைனிங். யாரோ எப்போதோ இரண்டையும் இடம் மாற்றி மாட்டியிருப்பது, அல்லது நீள ஷூ இரண்டும் ஒரு சக்கரத்திலும் குட்டை ஷூ இரண்டும் எதிர்ச் சக்கரத்திலும் போயிருப்பது, பழைய வண்டிகளில் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு. பிரேக் பிடிக்கவில்லை, ஒரு பக்கம் இழுக்கிறது என்று மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர்) மாற்றி, எண்ணெயை மாற்றி, கடைசியில் பார்த்தால் இதுவாக இருக்கும்.

டிரம்மின் உள்விட்டத்தை அளக்க வேண்டும். 9.500 அங்குல டிரம்மைப் பொதுவாக 9.560 வரை கடையலாம். டிரம்மில் எல்லை அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் சுவர் மெலிந்து, சூட்டை வாங்கும் இரும்பு குறைந்து, இன்னும் சீக்கிரம் விரியும். கடைந்த டிரம்முக்குள் புது ஷூவை வைத்துப் பாருங்கள்: ஷூவின் நடுப்பகுதி தொட்டு, இரண்டு முனையிலும் மெல்லிய இடைவெளி இருந்தால் சரி. முனைகள் தொட்டு நடு தொடவில்லை என்றால் பிரேக் கடித்துப் பிடுங்கும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து உள்ளே ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள், ரிப்பேர் வேண்டாம். ரப்பர் ஹோஸ்களும் அப்படியே. வெளியே பளபளப்பாகவும் உள்ளே வீங்கிச் சுருங்கியும் இருக்கும் ஹோஸ் ஒரு வழிப்பாதை மாதிரி ஆகிவிடும்: மிதித்தால் எண்ணெய் போகும், விட்டால் திரும்ப வராது. பிரேக் போட்ட பிறகு ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டே சூடாகிறதென்றால் முதல் சந்தேகம் இந்த ஹோஸ் மேல்தான்.

நட்சத்திரச் சக்கரம் போன்ற அட்ஜஸ்டரைத் திருகி, டிரம் சுழலும்போது ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும் வரை கொண்டுவர வேண்டும். இந்த வண்டியின் தானியங்கி அட்ஜஸ்டர் பின்னோக்கி ஓட்டிப் பிரேக் மிதிக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். அட்ஜஸ்டர்கள் இடது, வலது என்று மரை மாறி இருக்கும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் ஷூ நெருங்குவதற்குப் பதிலாக விலகிக்கொண்டே போகும்.

அந்தக் காலத்தில் ஷெவர்லே ஜே65 என்ற குறியீட்டில் உலோக லைனிங் கொடுத்தது. சூட்டுக்கு அசராது. ஆனால் காலையில் முதல் இரண்டு பிரேக் கட்டையை மிதித்த மாதிரி இருக்கும், ஏனென்றால் சூடேறினால்தான் அது பிடிக்கும். இன்றைய பேட், ஷூ தேர்விலும் இதே பேரம் இருக்கிறது. பேடின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும்: முதலாவது சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது நல்ல சூட்டில். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ அதற்கும் மேல். சாலையில் ஓட்டுபவருக்கு ‘எஃப்எஃப்’ போதும். பந்தய பேடை வாங்கிப் போட்டுக் கடைத்தெருவுக்கு ஓட்டுவது பழைய ஜே65 அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

இரட்டை மாஸ்டர் சிலிண்டர்: தள்ளிப்போடக் கூடாத வேலை

1966 ஷெவெல்லில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கக்கினால், நாலும் போச்சு. பெடல் தரையைத் தொடும், மிச்சம் கை பிரேக் மட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடலில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என இரட்டை அறைக்கு மாறியது. 1968-ல் அமெரிக்கச் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. நிறுத்தும் தூரம் இதனால் ஒரு அடிகூடக் குறையாது. இருந்தாலும் டிஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டியது இது.

மாற்றும்போது பழைய பித்தளைச் சந்திப்புக் கட்டையை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, அது முன், பின் மூன்று குழாயையும் ஒன்றாக்கிவிடும். முன்பாதைக்குத் தனி, பின்பாதைக்குத் தனி குழாய் வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் புஷ்ராட் (பெடலின் தள்ளுகம்பி) உட்காரும் குழியைக் கவனியுங்கள். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு ஆழமான குழி, பூஸ்டர் உள்ள வண்டிக்கு ஆழமில்லாத குழி. பூஸ்டர் இல்லாத வண்டியில் ஆழமில்லாத குழி மாஸ்டரைப் போட்டால், பெடலை விட்டதும் புஷ்ராட் நழுவிக் கீழே விழ வாய்ப்பு உண்டு. அடுத்த முறை மிதிக்கும்போது கால் வெறும் காற்றைத்தான் மிதிக்கும்.

முன்சக்கர டிஸ்க்

பலமாகப் பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாயும். சும்மா நிற்கும்போதே 396 எஞ்சின் வண்டியில் முன்பக்கம் பாரம் கூடுதல். புவியீர்ப்பின் 0.8 பங்கில் நிற்கும்போது இன்னும் 500 பவுண்டு அளவுக்கு முன்னே வந்து, மொத்தத்தில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் இருக்கும். ஆகவே டிஸ்க் முன்னால்தான். பின்னாலும் டிஸ்க் போடுவது பார்க்க அழகு. ஆனால் மிச்சமுள்ள 30 சதவீத வேலைக்கு நல்ல டிரம் தாராளம், கை பிரேக்கும் டிரம்மில்தான் உருப்படியாக வேலை செய்யும். பந்தயத் தடத்துக்குப் போகாதவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

இந்த வகை வண்டிக்கான சாதாரண கிட்டில் 11 அங்குலக் காற்றோட்டத் தகடும், 2-15/16 அங்குல ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரும் (பேடைத் தகட்டில் அழுத்தும் கவ்வி), பழைய டிரம் ஸ்பிண்டிலில் (சக்கரம் சுழலும் அச்சு) அவற்றை மாட்டும் தகடும் இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான வண்டிகளில் போட்ட காலிப்பர் இது. பேட், சீல் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாலை வண்டிக்கு இதற்கு மேல் தேவையில்லை. கிட்டை வாங்கும் முன்பே உங்கள் ரிம்மைப் பாருங்கள். டிரம் வண்டிக்கு வந்த 14 அங்குல ரிம்கள் பல காலிப்பரில் இடிக்கும். 15 அங்குல ரிம் என்றால் தொல்லை குறைவு. சில கிட்கள் சக்கரத்தைக் கால் அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளும். அகல டயர் போட்டவர்களுக்கு மட்கார்டில் உரசும்.

டிரம்மின் பின்தகட்டைப் பிடிக்கும் கீழ் போல்ட் இரண்டும் ஸ்டீயரிங் ஆர்மையும் சேர்த்துப் பிடிப்பவை. பழைய நட்டைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். கிட்டோடு வந்த போல்ட், புது ஸ்பிளிட் பின், டார்க் ரெஞ்ச். ஹப் பேரிங்குக்கு டிஸ்க் சூட்டைத் தாங்கும் கிரீஸ் வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 12 பவுண்டு-அடிக்கு முறுக்கி, பிறகு முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப இறுக்கி, அடுத்த ஓட்டை கிடைக்கும் வரை தளர்த்தி, ஸ்பிளிட் பின்னைப் போட வேண்டும். 0.001 முதல் 0.005 அங்குலம் வரை ஆட்டம் இருப்பது சரி. சுத்தமாக ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் வெந்துவிடும்.

காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டினாலும் போல்ட் எல்லாம் அழகாகப் பொருந்தும். நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலே சிக்கிக்கொண்டு, இரண்டு லிட்டர் எண்ணெய் ஓடவிட்டாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

அழுத்தக் கணக்கு

டிஸ்க் போட்டதும் ‘பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை’ என்ற புகார் வரும் இடம் இது. கடுமையாக மிதிக்கும்போது முன் காலிப்பரில் 900 முதல் 1,200 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வரவேண்டும் என்பது தொழிலில் புழங்கும் பொதுக்கணக்கு. 0.4 உராய்வுள்ள பேடுக்கு, இந்த எடை வண்டியை நல்ல ரேடியலின் எல்லைக்குக் கொண்டுபோகச் சுமார் 650 பி.எஸ்.ஐ. போதும் என்றுதான் கணக்கு காட்டும். ஆனால் பேட் சூடாகி உராய்வு இறங்கும்போது கையிருப்பு வேண்டுமே, அதற்காகத்தான் மேலே உள்ள எண்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? கால் பலத்தைப் பெடல் நெம்புகோல் பெருக்கும். அதை மாஸ்டர் சிலிண்டரின் பரப்பால் வகுத்தால் அழுத்தம். பூஸ்டர் இல்லாத ஷெவெல் பெடலின் நெம்புகோல் விகிதம் ஏறக்குறைய 6-க்கு 1. பலமாக 100 பவுண்டு, அதாவது 45 கிலோ, அழுத்தி மிதித்தால் புஷ்ராடில் 600 பவுண்டு. மாஸ்டரின் துளை 1-1/8 அங்குலம் என்றால் வரும் அழுத்தம் 600 பி.எஸ்.ஐ. சொச்சம். 1 அங்குலம் என்றால் 764. 7/8 என்றால் ஆயிரத்தைத் தொடும். பெரிய மாஸ்டர் பலமாகப் பிடிக்கும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது எதிர்மாறு. பெரிய துளை அதிக எண்ணெய் தள்ளும், அழுத்தத்தைக் குறைக்கும். 1-1/8 அங்குல மாஸ்டர் பூஸ்டரோடு வருவது. பூஸ்டர் இல்லாமல் அதைப் போட்டால் கல் பெடல்தான். பூஸ்டர் வேண்டாம் என்பவர் 1 அங்குலத்தில் இருந்து தொடங்கலாம். துளை சின்னதாக ஆக, பெடல் பயணம் நீளும். இலவசமாக எதுவும் வராது.

பூஸ்டர் போடுகிறீர்களா? ஷெவெல் பெடலில் புஷ்ராடுக்கு இரண்டு ஓட்டை உண்டு. மேல் ஓட்டை பூஸ்டர் இல்லாததற்கு. பூஸ்டருக்குக் கீழ் ஓட்டை, அங்கே விகிதம் 4-க்கு 1 போல இருக்கும். மாற்றி மாட்டினால் புஷ்ராட் கோணலாகப் போய் இழுத்துப் பிடிக்கும், தொட்டாலே பிரேக் பிடுங்கும். பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் இடையில் உள்ள ஊசிக்கு 0.020 அங்குலம் போல இடைவெளி விட வேண்டும். ஊசி நீளமாக இருந்தால் மாஸ்டரில் எண்ணெய் திரும்பும் துளை மூடியே கிடக்கும்: பத்து கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் பிரேக் தானே பிடிக்க ஆரம்பித்து, நிறுத்திக் குளிரவைத்தால் விடும், திரும்பவும் பிடிக்கும்.

பூஸ்டருக்கு எஞ்சினின் வெற்றிடம் வேண்டும், 18 அங்குலப் பாதரசம் இருந்தால் நல்லது. காரசாரமான கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட எஞ்சின் ஐடிலில் 10-தான் தரும். அப்போது பூஸ்டரின் உதவி ஏறக்குறைய பாதி. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வெற்றிடம் ஏறிவிடுவதால் நெடுஞ்சாலையில் குறை தெரியாது. சிக்னலில், பார்க்கிங்கில் ஊர்ந்து போகும்போதுதான் பெடல் கெட்டிப்படும். வெற்றிடத் தொட்டி வைத்தால் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அவ்வளவுதான். தொட்டி வெற்றிடத்தை உண்டாக்காது. மின் பம்ப் வைக்கலாம். பவர் ஸ்டீயரிங் பம்பில் இருந்து பலம் எடுக்கும் ஹைட்ரோபூஸ்ட் அதைவிட நல்லது, விலைதான் கூட. கேம்ஷாஃப்டை மாற்ற மனமில்லாத சிக்கனக்காரருக்கு, பூஸ்டரே இல்லாமல் 1 அங்குல மாஸ்டர், மேல் ஓட்டை, ‘எஃப்எஃப்’ பேட்.

வால்வுகளும் குழாய்களும்

டிரம்முக்குப் போகும் பாதையில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் குட்டி வால்வு ஒன்று மாஸ்டரின் வாய்க்குள் இருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு தளர்ந்து காற்றை உறிஞ்சாமல் காப்பது அது. அதே 10 பி.எஸ்.ஐ. டிஸ்க் பாதையில் இருந்தால் பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். 1967 டிரம் வண்டியின் இரட்டை மாஸ்டரைப் போட்டு முன்னால் டிஸ்க் வைப்பவர்கள் முன்பாதையின் வால்வை எடுக்க மறந்து, ஒரு மாதத்தில் பேடைத் தின்றுவிடுவதுண்டு.

டிஸ்க் உடனே பிடிக்கும். டிரம் ஸ்பிரிங்கை வென்று ஷூ நகர்ந்த பிறகுதான் பிடிக்கும். அந்த நேர வித்தியாசத்தைச் சமன்செய்யும் வால்வு, பலமாக மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் லாக் ஆகாமல் பின்பாதை அழுத்தம் ஏறுவதைக் குறைக்கும் வால்வு, ஒரு பாதை போனால் விளக்கு எரியவைக்கும் சுவிட்ச் மூன்றும் சேர்ந்ததுதான் காம்பினேஷன் வால்வு. முன் டிஸ்க், பின் டிரம் வண்டிக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். திருகி மாற்றும் வால்வு வைக்க விரும்பினால் அதைப் பின்பாதையில் மட்டும் வையுங்கள். காம்பினேஷன் வால்வின் குறைக்கும் பகுதி வேலை செய்துகொண்டிருக்கும்போது அதற்குப் பின்னால் இன்னொன்றைக் கோத்தால் இரண்டும் குறைத்துப் பின்பிரேக்கே இல்லாமல் போகும்.

குழாய் 3/16 அங்குல எஃகு, அல்லது துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவை. வெறும் செம்புக் குழாய் கூடாது. அதிர்வில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். முனையை 45 பாகையில் இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு வாய் பிளக்கும். குழாயை அறுத்து அழுத்து நட்டால் ஒட்டுப்போடுவது தண்ணீர்க் குழாய்க்குச் சரி, ஆயிரம் பி.எஸ்.ஐ. ஓடும் பிரேக்குக்கு இல்லை.

எண்ணெய்: டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. இரண்டும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். கொதித்த எண்ணெய் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆகவே டாட் 4 ஊற்றி, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் எண்ணெய் பெயிண்டைத் தின்னாது என்பதால் காட்சிக்கு வைக்கும் வண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். மற்றதோடு கலக்கவே கூடாது.

ஏர் எடுப்பதும் சோதனையும்

புது மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு வாயில் இருந்தும் சிறு குழாயை அறைக்குள் எண்ணெயில் மூழ்கும்படி வளைத்து விட்டு, குமிழி நிற்கும் வரை பிஸ்டனை மெதுவாக அழுத்தி விடுங்கள். இதை விட்டுவிட்டு வண்டியில் மாட்டினால் நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் தீராது. பிறகு சக்கரங்களில் பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது என்ற வரிசை. ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். பெடல் பஞ்சாகவே இருந்தால் முதலில் காலிப்பர் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சாக இல்லாமல் ஆழமாக மட்டும் போனால் அது காற்று இல்லை. பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட்.

எஞ்சினைப் போட்டு, பெடலைப் பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும்.

புது பேட் பதிய வேண்டும்: 50 கி.மீ. வேகத்தில் இருந்து 10-க்கு, முழுதாக நிற்காமல், அரை நிமிட இடைவெளியில் எட்டுப் பத்து தடவை. அதன் பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிக் குளிரவையுங்கள். சூடான பேடைத் தகட்டில் அழுத்திக்கொண்டு சிக்னலில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் பேடின் பொருள் ஒட்டிக்கொண்டு, பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்கும்.

கடைசிச் சோதனை ஆளில்லாத, நேரான, காய்ந்த தளத்தில். 40 கி.மீ. வேகத்தில் தொடங்கிக் கடுமையாக மிதியுங்கள். வெளியே ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்கட்டும். முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி நேராக வழுக்கும், பெடலைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் முதலில் என்றால் பின்பகுதி முன்னால் வரப் பார்க்கும். வால்வைத் திருகிப் பின் அழுத்தத்தைக் குறைத்து, முன்சக்கரம் சற்றே முந்தும்படி வையுங்கள். பின் டயர் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.